சிலிண்டர் ஹெட்டும் திருவிதாங்கூர் கடலும்

தம்பானூர் ஸ்டாண்டில் நாகர்கோவில் வண்டிக்காகக் காத்து நிற்கும் நம்மவர்களுக்கு டீசல் எஞ்சின் சத்தம் பழகிப்போன ஒன்று. இந்த ஊர் ரோட்டுக்கு அது 1938-லேயே வந்துவிட்டது. அந்த வருடம் பிப்ரவரி 20-ம் தேதி திருவிதாங்கூர் அரசு பஸ் சேவையைத் தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து வந்த காமர் சேஸிஸ், அதில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின். மீன்பிடிக் கடலில் எஞ்சினைக் கொண்டுவரப் பெரிய அளவில் முயற்சி நடந்தது அதற்கும் பதினைந்து வருடம் கழித்துத்தான்.

ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள இந்தக் கதையை சிலிண்டர் ஹெட் என்ற ஒரே ஒரு பாகத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்க்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு பேங்கில் காலம் தள்ளுபவன். ஆனால் போட் எஞ்சின் ரிப்பேர் கொட்டேஷன்களைப் படித்துப் படித்து இந்த ஹெட் மீது ஒரு ஆர்வம் வந்துவிட்டது :-)

ஹெட் என்பது சிலிண்டருக்கு மேல் மூடி. எண்ணெய் எரிவது அதற்குக் கீழே, வால்வுகள் இருப்பது அதில், சூட்டைத் தணிக்கும் தண்ணீர் ஓடுவதும் அதற்குள்ளேதான். ஆக, எஞ்சினில் அதிக அடி வாங்குவது அதுதான். 1890-ல் ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் காப்புரிமை வாங்கிய பழைய 'ஹாட் பல்ப்' எஞ்சின்களில், ஹெட்டில் ஒரு குமிழ் இருக்கும். அதை ஊதுவிளக்கால் சில நிமிடம் காய்ச்சினால்தான் வண்டியே கிளம்பும். ஐரோப்பிய மீனவர்கள் ரொம்பக் காலம் அதில்தான் தொழில் செய்தார்கள்.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். 1952 அக்டோபர் 17-ல் இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் கையெழுத்திட்டன. 1953-ல் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரை, சக்திகுளங்கரையில் வேலை ஆரம்பம். அப்போது நீண்டகரையும் நம் குளச்சலும் ஒரே மாநிலம், திருவிதாங்கூர்-கொச்சி. கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல்தான்.

இருக்கிற வள்ளங்களிலேயே எஞ்சினைப் பொருத்திவிடலாம் என்பதுதான் நார்வேக்காரர்களின் முதல் யோசனை. மரத்தைக் குடைந்த வள்ளமும் கயிற்றால் தைத்த வள்ளமும் எஞ்சின் அதிர்வுக்குச் செய்யப்பட்டவை அல்ல. புதிய படகுகளை வடிவமைக்க வேண்டியதாயிற்று. படகோடு ஐஸ் பிளான்ட் வந்தது, பட்டறையும் வந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது பட்டறைதான். எஞ்சின் வாங்குவது ஒரு நாள் வேலை. அதற்கு உதிரிபாகம் தேடுவது இருபது வருட வேலை. அதுவும் இறக்குமதி லைசென்ஸ் காலம்! திட்டம் 1963-ல் எர்ணாகுளத்துக்கு மாறியது, 1972-ல் முடிந்தது.

இதற்கிடையே 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரில் பிறந்த அந்த வம்சத்து எஞ்சின்கள் பஸ், லாரியோடு நிற்காமல் கேரள, தமிழக டிராலர்களிலும் ஏறின. கிர்லோஸ்கர், ரஸ்டன் எஞ்சின்களும் ஓடின. உள்நாட்டுத் தயாரிப்பு என்பதால் ஒரு ஹெட்டுக்காகக் கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அப்படியானால் பஸ் ஹெட்டையே போட்டில் மாட்டிவிடலாமா? அங்கேதான் கவனம் வேண்டும். பஸ் நின்று நின்று போகும். டிராலர் வலையை இழுத்துக்கொண்டு மணிக்கணக்காக ஒரே பாரத்தில் ஓடும். குளிர்விப்பும் வேறு. ரேடியேட்டருக்குப் பதிலாக ஹீட் எக்ஸ்சேஞ்சரோ, அடிமரத்தை ஒட்டி ஓடும் குழாயோ இருக்கும். உப்புத் தண்ணீர் நேராக உள்ளே போகும் எஞ்சினில் வார்ப்பிரும்பு அரித்துவிடும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் பார்ட் நம்பர் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஹெட் கெட்டால் வழிகள் நான்கு. லேசாக வளைந்திருந்தால் பேஸிங் செய்யலாம். அளவு மீறிச் சீவினால் கம்ப்ரஷன் மாறிவிடும். வெடிப்பை வெல்டிங் வைக்கலாம். வார்ப்பிரும்பில் அது பக்கத்திலேயே அடுத்த வெடிப்புக்கு வழி செய்யலாம். ரீகண்டிஷன் ஹெட் வாங்கலாம். தண்ணீர் அழுத்தச் சோதனை செய்யாமல் கையெழுத்துப் போடாதீர்கள். கடைசி வழி, புதுசு. எதைச் செய்தாலும் முதலில் பழைய ஹெட் ஏன் வெடித்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். கூலர் அடைப்பை எடுக்காமல் புது ஹெட் போட்டால் அதுவும் வெடிக்கும்.

இதையெல்லாம் முடிவு செய்யும் காலம் மழைக்காலம். கேரளத்தில் டிராலிங் தடை 1988-ல் வந்தது. 2018 முதல் 52 நாள், ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை. வருமானம் இல்லாத அந்த நாட்களில்தான் எஞ்சினைப் பிரிக்கிறார்கள், கடனும் வாங்குகிறார்கள். ஆகஸ்டில் கரிக்காடி இறால் சீசன். அன்று கிளம்பாத போட்டுக்கு வட்டி மட்டும் கிளம்பிவிடும். மலிவு ஹெட்டில் மிச்சப்படுத்திய பணம் ஒரே ஒரு தவறிய டிரிப்பில் போய்விடும். பேலன்ஸ் ஷீட்டில் இது வெறும் ரிப்பேர் செலவு, அவ்வளவுதான்.

கணக்கில் வராதது ஒன்று உண்டு. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி வந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் நடுக்கடலில் இருந்தார்கள். பலர் திரும்பவில்லை. அப்படி ஒரு நாளில் ஒருவனிடம் இருப்பது படகும் அந்த எஞ்சினும்தான். கொட்டேஷனில் கடைசி வரி வரைக்கும் விலை குறைக்கச் சொல்லும் பேங்க்காரர்கள் (என்னையும் சேர்த்துத்தான்) இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

கடலோரக் குடும்பத்து நண்பர்கள் யாராவது இருந்தால், அப்பா காலத்துப் போட்டில் என்ன எஞ்சின் இருந்தது என்று கேட்டு எழுதுங்களேன்.