வளவும் வாசலும்

ஒரு நாட்டின் வரலாற்றை அரண்மனையிலிருந்தும் எழுதலாம், அடுக்களையிலிருந்தும் எழுதலாம். அரண்மனை வரலாற்றுக்குக் கல்வெட்டும் ஏடும் சான்று கூறும். அடுக்களை வரலாற்றுக்கோ முற்றத்துப் பலாமரமும், வேலியோரக் கமுகும், திண்ணையில் விரித்த பாயும், புத்தாண்டுக்கென மெழுகிய சுவருமே சான்றாகும். கல்வெட்டு ஒருமுறை வெட்டப்பட்டால் நிற்கும். மெழுகிய சுவரோ ஆண்டுதோறும் புதிதாக மெழுகப்பட்டாற்றான் நிற்கும். ஆகவே அதனைக் காப்பது அரசன் ஆணை அன்று. வீட்டில் வாழ்வோர் கையே ஆகும்.

இவ்வகை வரலாற்றைக் காண விரும்புவோர்க்கு மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையிலுள்ள வில்கமுவ ஏற்ற இடம். மேற்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் மதிலெனப் படிந்து கிடக்கின்றது. கிழக்கே மகாவலி கங்கை ஓடுகின்றது. வடக்கே வஸ்கமுவக் காடு பரந்து நிற்கின்றது. மாத்தளை நகரத்தைச் சூழ்ந்த ஈரமான பள்ளத்தாக்குகளை விட்டு இம்மலைகளைக் கடந்து கிழக்கே இறங்க இறங்க மழை குறையும். வடகீழ்ப் பருவக்காற்றே பெருமழை தரும். ஆதலால் இங்கு வாழ்ந்தோர் வயலையும் சேனையையும் வீட்டு வளவையும் ஒன்றுக்கொன்று துணையாக வைத்துக் கொண்டனர். வயல் பொய்த்தால் சேனைக் குரக்கன். குரக்கனும் பொய்த்தால் வளவிலுள்ள பலா.

வளவு என்பது வெறும் காய்கறிப் பாத்தி அன்று. கண்டி, மாத்தளைப் பகுதிகளில் அது அடுக்கடுக்காக அமைந்த சிறு காடு. உச்சியிலே தென்னையும் கித்துளும் பலாவும். அவற்றின் கீழே ஈரப்பலாவும் மாவும் கமுகும். கமுகில் படரும் மிளகும் வெற்றிலையும். அதன் கீழே கோப்பியும் வாழையும் கறிவேம்பும். மண்ணோடு மண்ணாக இஞ்சியும் மஞ்சளும் வள்ளிக் கிழங்கும். ஈரப் பகுதிகளில் கராம்பும் சாதிக்காயும் இவற்றோடு சேரும். வில்கமுவ போன்ற வறண்ட பக்கங்களில் புளியும் விளாவும் முருங்கையும் தேசியும் மிகும். ஒரு மரம் ஓய்ந்திருக்கும் மாதத்தில் மற்றொன்று காய்க்கும். இவ்வொழுங்கை ஏட்டில் எவரும் எழுதி வைத்தாரல்லர். பாட்டி நட்ட இடத்தைப் பார்த்துப் பேத்தி நட்டாள், அவ்வளவே.

இந்த வளவே வீட்டின் அலங்காரத்துக்கும் களஞ்சியம். பெரும்போக அறுவடை முடிந்து சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது, சிங்களக் கிராமத்து வீடுகளில் நிலத்தைச் சாணத்தால் மெழுகுவர். சுவருக்கு வெண்களி பூசுவர். புதுப்பாய் விரிப்பர். தென்னங் குருத்தோலையைக் கிழித்தும் மடித்தும் தோரணமும் பூவும் கிளியும் செய்வர். நற்கருமத்துக்குரிய தோரணம் ஒரு மடிப்பும், துயர்க்கருமத்துக்குரிய தோரணம் வேறொரு மடிப்புமாக இருப்பதைத் தமிழ் வீட்டார் நன்கறிவர். ஒரே குருத்தோலை, மடிக்கும் விரலின் அறிவினால் இரு வேறு மொழி பேசுகின்றது!

பலகாரமும் அவ்வாறே. புத்தரிசிக்குத் தேங்காய்ப்பால் வார்த்துப் பாற்சோறு பொங்கும். கித்துள் பாணி கலந்த மாவிலே கொண்டைப் பலகாரம் எழும். அச்சில் தோய்த்துப் பொரிக்கும் 'கொக்கிஸ்' என்பது ஒல்லாந்தர் சொல்லிலிருந்து பிறந்த பெயரென்பர். அந்நியர் விட்டுச் சென்ற சொல்லைக் கிராமத்துச் சட்டி தனதாக்கிக் கொண்டது. தமிழ் வீடுகளில் புத்தாண்டுக் காலையில் மூலிகைகள் இட்டுக் காய்ச்சிய மருத்துநீர் வைத்து நீராடுவர். சிங்கள வீடுகளில் சுபவேளை பார்த்துத் தலைக்கு எண்ணெய் வைப்பர். இரு வழக்கிலும் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் குறித்த மரங்களின் இலைகளை வைப்பதுண்டு. மொழி இரண்டு, இலை பறிக்கும் வளவு ஒன்று. தைப்பொங்கலன்று பானையின் கழுத்திலே இலையோடு கட்டப்படும் மஞ்சளும் இஞ்சியும் அவ்வளவின் கொடையே.

இங்கே ஒரு வினா எழுகின்றது. இவ்வளவு வளம் தந்த மரங்களை நட்டவர், அவற்றின் பயனை என்றும் தடையின்றி நுகர்ந்தனரா?

இதற்கு மூன்று நூற்றாண்டுக்கு முற்பட்ட விடை ஒன்று உண்டு. இராபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1660ஆம் ஆண்டில் சிறைப்பட்டு, 1679இல் தப்பியோடும் வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திலே வாழ்ந்தார். அவர் சிறைக் கொட்டிலில் அடைபட்டவரல்லர். கிராமத்தவரோடு வாழ்ந்து, எலதெத்தவில் தமக்கென வீடும் தோட்டமும் அமைத்துக் கொண்டவர். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல், மலைநாட்டு வளவைப் பற்றி அரிய செய்திகளைத் தருகின்றது. பலாவுக்குப் பிஞ்சில் ஒரு பெயர், காயில் ஒரு பெயர், கனியில் ஒரு பெயர் என்று அவர் குறித்தவை இன்றும் சிங்கள அடுக்களைகளில் வழங்குகின்றன. புத்தாண்டு மார்ச்சு மாதம் 27, 28 அல்லது 29ஆம் நாளில் வரும் என்றும் எழுதினார். அக்காலத்து ஆங்கிலேயரின் நாட்காட்டி இன்றைய நாட்காட்டிக்குப் பத்து நாள் பின்தங்கியிருந்தது என்பதை நினைந்தால் இக்குறிப்பு வியப்பளிக்காது.

அதே நூலிலே மற்றொரு செய்தியும் உண்டு. மக்கள் பசி தீர்க்கும் மரங்களையே விரும்பி நட்டனர். சுவைக்கினிய கனி மரங்களை நட ஆர்வம் காட்டவில்லை என்கிறார் நொக்ஸ். காரணம் யாது? நல்ல கனி காய்க்கும் மரத்தை அதிகாரிகள் கண்டால், அரசன் பெயரால் அதன் அடியிலே மூன்று முடிச்சிட்ட கயிறு ஒன்றைக் கட்டுவர். அதன் பின்னர் அம்மரத்துக் கனியை நட்டவனும் தொடலாகாது. கனிந்ததைக் காவல் காத்து அரண்மனைக்கு அனுப்புவதே அவன் கடன். முடிச்சு விழும் என்று அஞ்சியவன் மரத்தையே நடாது விட்டான். ஒரு முழக் கயிறு ஒரு நாட்டின் தோட்டக்கலையை எவ்வாறு தளர்த்தும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. கயிறு போயிற்று, கோடரி வந்தது. 1817இல் ஊவா வெல்லசைப் பகுதியில் மூண்ட கிளர்ச்சி தும்பறைக்கும் மாத்தளைக்கும் பரவியது. மாத்தளைச் சீமையில் பிறந்த கெப்பெட்டிபொலைத் திசாவை அதன் தலைவர்களுள் முதன்மையானவர். 1818 நவம்பரில் அவர் கண்டியிலே கொல்லப்பட்டார். அக்கிளர்ச்சியை அடக்கப் படையினர் கையாண்ட வழிகளுள், வீடுகளை எரித்தல், நெல்லை அழித்தல், கனி மரங்களை வெட்டுதல் ஆகியனவும் அடங்கும். நெல் ஆறு மாதத்தில் மீண்டும் விளையும். வெட்டுண்ட பலா மீண்டும் காய்க்க எத்தனை ஆண்டு செல்லும்? போர் முடிந்த பின்பும் அப்பசி முடியவில்லை.

பின்னர் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வந்தது. காடும் தரிசும் பயிரிடாத நிலமும், உரிமை நிறுவப்படாதவிடத்து, முடிக்குரியவை எனக் கொள்ளப்பட்டன. கண்டிப் பகுதியிலே சேனை நிலங்களுக்கும் இது பொருந்திற்று. பல ஆண்டு இடைவிட்டுப் பயிரிடும் சேனைக்கு எவர் உறுதி எழுதி வைத்திருந்தார்? வயல், சேனை, வளவு என்னும் முக்காலியின் ஒரு கால் இவ்வாறு ஆட்டங்கண்டது.

அந்நிலங்களை நாடி வந்தது கோப்பி. ஆனால் கோப்பி மலைநாட்டுக்கு அந்நியச் செடியன்று. வெள்ளையர் தோட்டம் அமைப்பதற்கு முன்பே அது வளவுகளில் நின்றது. அதன் வெண்மலரை மக்கள் வழிபாட்டிடங்களுக்குக் கொண்டு சென்றனர். இலையைக் கறிக்குச் சேர்த்தனர். கொட்டையை வறுத்துக் குடிப்பது அவர்க்குப் பெரிதாகப்படவில்லை. அழகுக்கும் அடுக்களைக்கும் உதவிய அச்செடி, உலகச் சந்தையின் சரக்கானபோது மலைகள் மொட்டையாயின. தோட்டங்களில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டு வழியே தம்புள்ளையூடாக மாத்தளைக்கு நடந்தோர் பலர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டோரும் பலர். 1869இல் கோப்பிச் செடியைப் பற்றிய இலைத்துரு நோய் சில ஆண்டுகளில் அத்தொழிலையே வீழ்த்தியது. தேயிலை வந்தது, தொழிலாளர் நின்றனர். லயத்து வாசலில் கிடைத்த சிறு துண்டு நிலத்திலே அவர்கள் கீரையும் அவரையும் முருங்கையும் நட்டனர். பொங்கலுக்கு வாசலில் கோலமிட்டு மாவிலை கட்டினர். ஆயினும் அந்நிலம் தோட்டத்துக்குரியது, நட்டவர்க்குரியதன்று. மூன்று முடிச்சுக் கயிறு கண்ணுக்குத் தெரியாத வடிவிலே தொடர்ந்தது எனலாம்.

கைத்தொழிலின் கதையும் வளவோடு பின்னியது. கொழும்பிலே தமிழ்க் குடும்பத்திற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கனிப்பொருள் ஆய்வுப் பணிக்காக ஊரூராகச் சென்றபோது மலைநாட்டுக் கைவினைகளைக் கண்டு, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். கைவினைஞர் தம் தொழிலுக்கு ஈடாக நிலம் பெற்று வாழ்ந்தனர் என்பதையும், அவ்வொழுங்கு குலைந்தபோது கலையும் ஆதரவிழந்தது என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் 1832இல் ஒழிக்கப்பட்டது நன்றே. ஆனால் அதனோடு கலையைத் தாங்கிய கையும் விலகியது.

எனினும் சில கலைகள் மாளவில்லை. மாத்தளை மாவட்டத்துப் பள்ளேஹப்புவிடவில் அரக்கை நகத்தால் இழைத்துக் கைப்பிடிகளுக்கும் பெட்டிகளுக்கும் வண்ணமூட்டும் வேலை தொடர்ந்து வந்துள்ளது. நக்கிள்ஸ் மலையின் பெயராலேயே வழங்கும் தும்பறைப் பாய், வேலியோரத்து நார்ச்செடியிலிருந்து பிறப்பது. மடலைச் சீவி நாரெடுத்து, பதங்க மரத்தால் செம்மையும் மரமஞ்சளால் மஞ்சளும் ஏற்றி, தறியிலே மானும் அன்னமும் கொடியுமாக நெய்வர். முன்பு அரசமனைக்குப் பாய் நெய்தளித்த கின்னரர் என்னும் சிறு சமூகத்தார் இதனைக் காத்து வந்தனர். சாதி ஏணியின் அடியிலே வைக்கப்பட்டிருந்த அவர்களின் கைவேலையை 2021இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. அன்று அரசனுக்கு விரித்த பாய் இன்று வரவேற்பறைச் சுவரை அணி செய்கின்றது. நெய்தவர்க்கு உரிய மதிப்பு அப்பாயைப் போலவே எல்லா வீடுகளையும் எட்ட வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மகாவலித் திட்டம் இக்கிழக்குப் பக்கத்தின் முகத்தை மாற்றியது. அத்திட்டத்தில் குடியேறிய குடும்பங்களுக்குப் பொதுவாக 2.5 ஏக்கர் வயலும், வீட்டுக்கும் வளவுக்குமாக 0.5 ஏக்கரும் அளிக்கப்பட்டன. திட்டம் வகுத்தோர் கண்ணில் வயலே பெரிது. ஆனால் வெட்டவெளியான அவ்வரை ஏக்கரை நிழலுள்ள வளவாக்கியது பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. அயலிலுள்ள லக்கலையிலோ மறுபுறம் நிகழ்ந்தது. களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய ஊர்கள் நீரில் மூழ்க, மக்கள் புதிய இடங்களுக்குப் பெயர்ந்தனர். வீட்டுக்கு ஈடாக வீடு கட்டலாம். நாற்பது ஆண்டு வளர்ந்த பலாவுக்கு ஈடாக எதனைக் கட்டுவது?

1984இல் வஸ்கமுவ தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. யானைகளுக்குப் புகலிடம் கிடைத்தது. ஆயினும் யானை எல்லைக்கல்லை வாசிப்பதில்லை. வில்கமுவப் பக்கத்தில் வாழையும் தென்னையும் பலாவும் அதனை வளவுக்குள் அழைக்கின்றன. முற்காலத்தில் பிரம்பு பின்னிக் களிமண் பூசிய கூட்டிலே, வீட்டுக்கு வெளியே நெல்லைச் சேர்த்து வைத்தனர். இன்று நெல் மூட்டை வீட்டுக்குள்ளே கிடக்க, அதன் மணத்தை நாடி யானை சுவரையே இடிக்கின்றது. மனிதரும் மடிகின்றனர், யானையும் மடிகின்றது.

இதற்கு வளவிலிருந்தே ஒரு விடை தேடப்பட்டது. இலங்கை வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் என்னும் தொண்டு நிறுவனம், தோடை, தேசி முதலிய இனங்களை யானை விரும்பி உண்பதில்லை என்பதைக் கருத்திற் கொண்டு, வஸ்கமுவ அயலிலுள்ள வீடுகளைச் சுற்றித் தோடை மரங்களை நடுவிக்கும் முயற்சியை மேற்கொண்டது. முற்றிய தோடை வேலி உள்ளிருக்கும் வாழையின் மணத்தை மறைக்கும். பழம் சந்தைக்குச் செல்லும். தோடை ஒன்றே யானையைத் தடுத்துவிடும் என்று எண்ணலாகாது. மின்வேலியும் விழிப்பும் அதனோடு வேண்டும். ஆயினும் பிறர் பறிக்காத, யானையும் தின்னாத ஒரு கனியை வளவின் விளிம்பிலே நடுவது, அவ்வூரின் நீண்ட வரலாற்றுக்கு ஏற்ற சிந்தனையே ஆகும்.

அரசன் கயிறு கட்டினான், படைஞன் வெட்டினான், சட்டம் மறித்தது, அணை மூழ்கடித்தது, யானை முறித்தது. ஒவ்வொரு முறையும் வளவு மீண்டும் நடப்பட்டது. சித்திரை பிறக்கும்போது வாசலில் ஆடும் குருத்தோலை வெறும் அழகுப் பொருளன்று. இவ்வாண்டும் இம்மண்ணில் ஒரு தென்னை நிற்கின்றது, அதன் குருத்தை வெட்ட நட்டவருக்கே உரிமை உண்டு என்று வீட்டார் ஊருக்கு அறிவிக்கும் செய்தி அது. அந்தச் செய்தியை எல்லா வாசல்களும், லயத்து வாசல் உட்பட, கூறும் நாளே வளவின் வரலாறு நிறைவெய்தும் நாள்.