பழனிமலைத் தொடரில் தியானமும் திறமும்: ஒரு வரலாற்று ஆய்வு

தியானத்தினால் மனிதனுடைய காரியத் திறம் வளருமா என்னும் வினா அண்மைக் காலத்தில் அலுவலகங்களிலும் விளையாட்டுக் களங்களிலும் புதிதாகப் பிறந்ததுபோல் தோன்றினும், பழனிமலைத் தொடரின் சமய வரலாற்றை ஆராய்வார்க்கு அது மிகத் தொன்மையான வினா என்பதும், வெவ்வேறு காலங்களில் இம்மலையில் வேரூன்றிய இரு மரபுகள் அதற்கு ஏறத்தாழ ஒரே விடையை அளித்திருக்கின்றன என்பதும் புலனாகும்.

முதல் மரபு சித்தர்களுடையது. பழனித் தண்டாயுதபாணியின் திருமேனியை நவபாஷாணத்தால் அமைத்தவர் போகர் என்னும் சித்தர் என்பது வழிவழி வந்த நம்பிக்கை; அவருடைய சமாதியும் மலைக்கோயிலுக்குள்ளேயே காட்டப்படுகிறது. தேகத்தைத் திடப்படுத்தி, மூச்சை நெறிப்படுத்தி, சித்தத்தை ஒருமுகமாக்கினால் அணிமா முதலிய சித்திகள் கைகூடும் என்பது சித்தர் கொள்கை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தோடு அட்டமாசித்திகளையும் கூறுகிறது. பதஞ்சலியின் யோக சூத்திரமோ, மூன்றாம் பாதத்தில் அத்தகைய விபூதிகளை விரித்துரைத்து, அவையே சமாதிக்கு இடையூறு ஆகும் என்று எச்சரிக்கின்றது. திறம் என்பது யாத்திரையின் வழியில் வாய்க்கும் நிழல். அங்கேயே தங்கிவிட்டவன் சந்நிதியை அடைவதில்லை.

இரண்டாம் மரபு நெடுந்தூரம் சுற்றி வந்தது. ‘தியானம்’ என்னும் வடசொல் பாலியில் ‘ஜான’ என்றும், சீனத்தில் ‘சான்’ என்றும், ஜப்பானில் ‘ஜென்’ என்றும் திரிந்தது. அந்நெறியைச் சீனத்திற்குக் கொண்டுசென்ற போதிதர்மரைக் காஞ்சிபுரத்து அரசகுமாரர் என்று போற்றுவது தமிழகத்தில் வழங்கும் மரபு. தியானிப்போரின் நோக்கத்தைக்கொண்டு தியானத்தை ஐவகையாகப் பகுத்த சோங்மி (780–841) என்னும் சீன ஆசாரியரின் முறையை, 1954-இல் சன்போ கியோதான் என்னும் ஜப்பானிய ஜென் அமைப்பை நிறுவிய யசுதானி ஹகுன் எடுத்தாண்டபோது, உடல்நலத்திற்கும் மனத்தெளிவிற்கும் பயிலும் தியானத்தைப் ‘பொம்பு’, அதாவது சாமானியருக்குரிய தியானம், என முதற்படியில் வைத்தார். அப்படியை அவர் இகழவில்லை. அதற்கு மேலும் படிகள் உண்டு என்றே உணர்த்தினார்.

அவருடைய சீடர் யமாதா கோவுன் (1907–1989) இல்லறத்தார். தோக்கியோவில் மருத்துவ நிறுவனமொன்றின் நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்டே காமகுராவில் தியானம் கற்பித்தவர். கடமையும் தியானமும் ஒன்றையொன்று தாங்கும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சாட்சி. ஹிரோஷிமா அணுகுண்டு வீச்சில் காயமுற்று உயிர்பிழைத்த ஜெர்மானிய சேசுசபைத் துறவி லசால் முதலிய கிறிஸ்தவர் பலர் அவரிடம் பயின்றனர். ஆமா சாமி என்று வழங்கப்பெறும் தமிழ்ச் சேசுசபைத் துறவி அருள் மரிய ஆரோக்கியசாமியும் அவரிடம் பயின்று, 1982-இல் போதிக்கும் அனுமதி பெற்றார். 1895 முதல் செண்பகனூர்க் கல்லூரியால் சேசுசபையினர்க்குப் பழக்கமாயிருந்த பழனிமலைத் தொடரிலேயே, கொடைக்கானலுக்கு அருகிலுள்ள பெருமாள்மலையில், 1996-இல் ஆமா சாமியின் ‘போதி ஜென்தோ’ என்னும் தியான நிலையம் எழுந்தது. இந்தியாவிலிருந்து புறப்பட்ட தியானம் இவ்வாறு பல நூற்றாண்டுகளுக்குப்பின் தென்னாட்டு மலையொன்றிற்கு மீண்டது.

ஜென் அப்பியாசம் எளிமையானது. முதுகை நிமிர்த்தி அமர்ந்து, மூச்சை ஒன்றுமுதல் பத்துவரை எண்ணுவதே தொடக்கம். மனம் சிதறியதும் அதனை உணர்ந்து, தன்னை நொந்துகொள்ளாமல், மீண்டும் ஒன்றுக்குத் திரும்புதல் வேண்டும். சிதறலை விரைவில் உணரும் இந்தப் பழக்கமே, பின்னர்ப் படிப்பிலும் தொழிலிலும் கவனமாக உருக்கொள்கிறது. தோட்ட வேலையும் துப்புரவுப் பணியும் ஜென் மடங்களில் தியானத்தின் பகுதியாகவே கருதப்படுவதால், அமர்ந்தபோது பெற்ற அமைதி கைத்தொழிலிலும் சோதிக்கப்படுகிறது. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-சின் நோயாளிகளுக்கு வகுத்த பயிற்சிக்கும் பௌத்த தியானமே அடிப்படை.

திறத்தை விரும்பித் தியானத்தைத் தொடங்குவதில் குற்றமில்லை. சாமானியரின் வாயில் அதுவே. ஆயினும் பத்தை எட்டும் ஆவல் மிகுந்தவனுக்கு எண்ணிக்கை தவறிவிடுகிறது. பத்தை எட்டியவனும் அதனைத் தன் வெற்றியாக வைத்துக்கொள்ள இயலாது, அடுத்த மூச்சில் ஒன்றிலிருந்தே தொடங்குகிறான்.