வரிக்கு வெளியே: பதுளை நகரும் ஊவாத் தோட்டங்களும்

பதுளை நகரில் கதவு நிலைகளில் காணப்படும் இலக்கம் தபால்காரரின் வசதிக்காக இடப்பட்டது என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். உண்மையில் அது வரி இலக்கம். சபையின் மதிப்பீட்டுப் பதிவேட்டில் ஓர் ஆதனம் ஏறிய பின்னரே அதற்கு இலக்கம் கிடைக்கிறது. நகர எல்லையைக் கடந்து பசறைப் பக்கமாகவோ ஸ்பிரிங்வெலிப் பக்கமாகவோ மேலே ஏறினால் தேயிலை தொடங்கிவிடும், இலக்கங்கள் முடிந்துவிடும். அங்கே லயத்தில் மூன்று நான்கு தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்களுக்கு மிக அண்மைக் காலம் வரை முகவரி என்று இருந்தது தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும் மாத்திரமே. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குப் போகும். அங்கிருந்து எப்போது கைக்கு வரும் என்பது வேறு விடயம்.

இன்று பதுளையில் வடிகான், குப்பை, தெருவிளக்கு என்று எதைப் பற்றிப் பேசினாலும் 'சபையிடம் காசில்லை' என்ற பதிலில் பேச்சு முடிகிறது. உறுப்பினர்களைக் குறை சொல்வது சுலபம். சில வேளை அது நியாயமும்தான். ஆனால் இந்த நகரத்தின் வருமானம் ஏன் மெலிந்தது என்பதற்கான விடை நகர எல்லைக்குள் இல்லை. அதைத் தேட இருநூறு ஆண்டுகள் பின்னே போகவேண்டியிருக்கிறது.

கண்டி மன்னர் காலத்தில் வரி பெரும்பாலும் உழைப்பாகவே செலுத்தப்பட்டது. ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் குடியேறியிருந்த சோனகர் 'மடிகே' எனப்பட்ட போக்குவரத்துப் பகுதியைச் சேர்ந்தவர்கள். தவள மாடுகளில் கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் மலைக்கு ஏற்றி வருவதும், மலைநாட்டுப் பாக்கைக் கீழே இறக்குவதும் அவர்களது தொழில். அதுவே அரசனுக்கு அவர்கள் செய்த ஊழியமும். நிலம் பெற்றவன் சேவை செய்தான், சேவை செய்தவன் நிலத்தில் இருந்தான். கொடுத்ததும் பெற்றதும் ஒரே ஊரில் கண்ணுக்குத் தெரிந்தன. எமது சமூகத்தின் மலைநாட்டு வரலாற்றை லோர்னா தேவராஜா போன்றோர் இந்த மடிகேயிலிருந்தே தொடங்குவது காரணமின்றி அல்ல.

ஆங்கிலேயர் இந்தப் பகுதியில் முதலில் கைவைத்ததும் இங்கேதான். 1817இல் வெல்லஸ்ஸவின் மடிகேக்கு ஹாஜி மரைக்காரை முஹாந்திரமாக நியமித்தனர். அதுவரை சிங்களப் பிரதானிகளின் கையிலிருந்த அதிகாரமும் வருமானமும் இதனால் பறிபோயின. அவ்வாண்டு ஒக்டோபரில் ஹாஜி பிடிக்கப்பட்டார்; விசாரிக்கச் சென்ற பதுளை உதவி வதிவிட அதிகாரி வில்சன் அம்பெய்து கொல்லப்பட்டார். ஊவா-வெல்லஸ்ஸக் கிளர்ச்சி மூண்டது. கிளர்ச்சியை இனப்பகையாகச் சொல்லும் பழக்கம் நம்மிடையே உண்டு. அதன் அடியில் ஒரு வருமானத் தகராறும் கிடந்தது என்பதைச் சொல்வோர் குறைவு. கிளர்ச்சி அடக்கப்பட்ட பின் 1818 நவம்பர் பிரகடனம் நெல் விளைச்சலில் பத்திலொன்றைப் பொதுவரியாக விதித்தது. சேனைகளும் குளங்களும் அழிக்கப்பட்டு, மக்கள் பட்டினியால் மடிந்த மண்ணில் விதிக்கப்பட்ட வரி அது.

பின்னர் கோப்பி வந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் மலைகளைத் தோட்டக்காரருக்குத் திறந்துவிட்டது. கவனிக்கவேண்டியது என்னவெனில், வயலுக்கு வரி இருந்தது. கோப்பித் தோட்டத்துக்கு நிலவரி இருக்கவில்லை. பாதை போடுவதற்காக 1848இல் கொண்டுவரப்பட்ட சட்டம், வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் பாதை வேலை செய்யவேண்டும் அல்லது மூன்று சிலிங் கட்டவேண்டும் என்றது. அந்தப் பாதைகளால் பெரும் பயனடைந்தவை தோட்டங்கள். நெல் வரியோ காசாக மாற்றப்பட்டு, கட்டமுடியாதவர்களின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. 1880களில் வலப்பனையிலும் உடுகிந்தவிலும் இவ்வாறு வயலிழந்த குடும்பங்கள் பட்டினி கிடந்த கதையை லெ மெசுரியர் என்ற அரசாங்க அதிகாரியே வெளிக்கொணர்ந்தார். 1892இல் நெல் வரி ஒழிக்கப்பட்டது. அதற்குப் பதிலாகத் தோட்ட நிலத்துக்கு வரி விதிக்கலாம் என்ற யோசனை எழுந்தபோதெல்லாம் அதை மழுங்கடிக்கத் துரைமாருக்குத் தெரிந்திருந்தது.

இறந்தவர் இறக்கத் தோட்டத் தொழிலாளியின் நிலை வேறு விதமானது. பாதை வரியிலிருந்து வெளியிலிருந்து வந்த கூலிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. இது சலுகை போலத் தோன்றும். ஆனால் வரியிலிருந்து விலக்கப்பட்டவன் பொதுக் காரியத்திலிருந்தும் விலக்கப்பட்டான். 1871இல் கிராமச் சங்கங்கள் புதுப்பிக்கப்பட்டபோது அவை சிங்களக் கிராமங்களுக்கு உரியனவாயின. தோட்டம் கிராமமல்ல, அது துரையின் சொத்து. தோட்டப் பாதைகளுக்கு அரசாங்கமும் தோட்டக்காரரும் செலவைப் பகிர்ந்துகொண்டனர். வைத்தியத்துக்கு 1872இல் தனிச் சட்டம் வந்தது. தண்ணீரும் மலசலகூடமும் பாடசாலையும் துரையின் மனம்போல நடந்தன. ஒரே மலையில் இரண்டு ஆட்சிகள் வளர்ந்தன என்று சொன்னால் மிகையில்லை.

இவற்றுக்கிடையில் பதுளை நகரம் எப்படி வளர்ந்தது? கோப்பியை அழித்த இலைநோய் 1869இல் முதன்முதலில் காணப்பட்டது இதே ஊவாவில், மடுல்சீமைப் பகுதியில். கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1886இல் ஊவா தனி மாகாணமாகி, பதுளை அதன் தலைநகராயிற்று. ரயில் பாதை பண்டாரவளைக்கு 1890களில் வந்துவிட்டது; தெமோதரையின் வளைவையும் பாலங்களையும் கடந்து பதுளையை எட்ட 1924 ஆயிற்று. கச்சேரி, நீதிமன்றம், ஆஸ்பத்திரி, ரயில் நிலையம், இவற்றைச் சுற்றிக் கடைவீதி. அந்தக் கடைகளில் கணிசமானவை எம்மவருடையவை. செட்டிமார், நாடார், போறா வியாபாரிகளின் கடைகளும் இருந்தன. அரிசி, துணி, வெள்ளி நகை, இரும்புச் சாமான் எல்லாம் மலையேறிப் போயின. சம்பள நாளை எண்ணியே கடைக்காரர் பற்றுக் கொடுத்தார். சம்பளம் போட்ட ஞாயிறன்று நகரம் திருவிழாவாகும்.

நகரத்தின் வரி இந்தக் கடைகளின் மீது விழுந்தது. ஒரு கட்டிடத்தை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்குமோ அதுவே அதன் வருடப் பெறுமதி. அதில் இத்தனை வீதம் என்று சபை வரி விதிக்கும். ஆக, தோட்டச் சம்பளம் கடைக்கு வந்து, கடையின் பெறுமதியை உயர்த்தி, அதிலிருந்து ஒரு துளி சபைக்குப் போயிற்று. நகரத்தின் தெருவிளக்குக்கு எண்ணெய் வார்த்தவள் கொழுந்து பறித்த பெண் என்று சொல்வதில் தவறில்லை. அவளது லயத்துக்கு முன்னால் விளக்குப் போட எந்தச் சபைக்கும் அதிகாரம் இருக்கவில்லை.

அதிகாரம் கேட்கக்கூடிய காலம் ஒன்று வந்தது. 1931இல் சர்வஜன வாக்குரிமை. 1937-38இல் கிராமச் சங்கச் சட்டத்தைத் திருத்த முற்பட்டபோது, இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் வாக்கை மறுக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. இந்திய அரசாங்கம் ஆட்சேபித்தது. அதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட தீர்வு விசித்திரமானது: தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளி எந்த இனத்தவராயினும் வாக்கில்லை. பாகுபாடு நீங்கியது, வாக்கும் நீங்கியது! 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையாவைப் பதுளை பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அவருக்கு வாக்களித்தோரில் பெரும்பாலோர் நாடற்றவராயினர்.

நகரத்தின் சரிவு 1970களில் வெளித்தெரியத் தொடங்கியது. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி (1964) குடும்பங்கள் கப்பலேறத் தொடங்கின. ஒரு குடும்பம் போனால் கடைக்காரனின் கொப்பியில் ஒரு பக்கம் மூடப்படும். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசிடம் கொண்டுவந்தன. 1974ஐ ஒட்டிய பஞ்சத்தில் தோட்டங்களில் மக்கள் மாவுக்கும் வழியின்றி மடிந்தனர். கையில் காசில்லாத தொழிலாளி சந்தைக்கு வரமாட்டான். 1983 ஜூலையில் பதுளை நகரின் தமிழ்க் கடைகள் எரிக்கப்பட்டன. எரிந்த கடைக்கு வாடகையில்லை, வாடகையில்லாத கட்டிடத்துக்குப் பெறுமதியில்லை. உயிரிழப்பின் முன்னால் வரியைப் பற்றிப் பேசுவது கல்நெஞ்சாகத் தோன்றலாம். ஆயினும் கடைவீதியோடு நகரத்தின் பொதுப்பணமும் சேர்ந்தே எரிந்தது என்பதைப் பதிவு செய்தாக வேண்டும்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பழைய கிராமச் சபைகளின் இடத்தில் புதிய அமைப்பைக் கொண்டுவந்தது. பசறை, லுணுகலை, ஹாலிஎல, ஹல்துமுல்லை ஆகிய பகுதிகளின் தோட்டங்களெல்லாம் ஏதோ ஒரு பிரதேச சபையின் எல்லைக்குள் வந்தன. தொழிலாளர் பிரசாவுரிமை பெற்று வாக்களித்தனர், உறுப்பினர்களாகவும் தெரிவாயினர். ஆனால் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தன் வாக்காளரின் லயத்துக்குப் பாதை போடமுடியாத உறுப்பினர் என்ற விநோதப் பிறவியை அந்தப் பிரிவு உருவாக்கிற்று.

வருமானப் பக்கமும் இதே கதைதான். நகரக் கட்டிடம் பெறுமதியின்படி வரி கட்டுகிறது. பயிர்நிலமோ 'ஏக்கர் வரி' கட்டுகிறது; அது பரப்பளவுக்கு இவ்வளவு ரூபா என்ற நிலையான தொகை. ரூபா தேயத் தேய அந்த வரியும் தேய்ந்தது. 1992இல் தோட்டங்கள் தனியார் கம்பனிகளின் முகாமைக்கு விடப்பட்டு, பின்னர் நீண்டகாலக் குத்தகையாக மாற்றப்பட்டன. குத்தகைப் பணம் கொழும்புத் திறைசேரிக்குப் போகிறது. ஊவாவின் மலைக்கு ஊவாவில் வாடகையில்லை.

இதன் விலை என்ன என்பதை 2014 ஒக்டோபர் 29 காட்டிற்று. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் மக்களை வேறிடத்தில் குடியமர்த்துவது கம்பனியின் கடமையா, பிரதேச செயலகத்தின் கடமையா, சபையின் கடமையா? ஒரு சாதாரணக் கிராமத்தில் இக்கேள்விக்கு இத்தனை பதில்கள் இருந்திரா.

நகரத்துக்குள்ளும் குற்றமில்லாமல் இல்லை. ஆதனங்களை உரிய காலத்தில் மீள்மதிப்பீடு செய்யச் சபைகள் அஞ்சுகின்றன. வரி கூடினால் வாக்குக் குறையும் என்ற கணக்கு. ஜனவரி 31க்கு முன் முழு ஆண்டுக்கும் கட்டினால் பத்து வீதக் கழிவு உண்டு. அதைத் தவறாமல் பெறுவோர் ஒருபுறம், ஆண்டுக் கணக்கில் நிலுவை வைத்திருப்போர் மறுபுறம். பள்ளிவாசலுக்கும் விகாரைக்கும் கோயிலுக்கும் விலக்கு இருப்பது சரியே. ஆனால் மூன்று மாடிக் கடையைப் பழைய ஒற்றை மாடிக் கணக்கிலேயே வைத்திருப்பது எந்த விலக்கிலும் சேராது. 'ஹக்' என்ற சொல்லைப் பாகப்பிரிவினையில் மட்டும் ஞாபகப்படுத்திக்கொள்கிறோம். சுற்றுலாப் பணமோ எல்லயில் இறங்கி எல்லயிலேயே நின்றுவிடுகிறது. பதுளை அந்த ரயிலின் கடைசித் தரிப்பிடம் மட்டுமே.

2018இல் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. தோட்டப் பாதைக்கும் கிணற்றுக்கும் சபை செலவிடலாம் என்றாயிற்று. மலையக உறுப்பினர்கள் நெடுங்காலம் கேட்ட உரிமை அது, வரவேற்கத்தக்கது. ஆனால் அனுமதி வந்ததே தவிர அதற்கேற்ற வருமானம் வரவில்லை. ஊழியர் சம்பளத்துக்கே மேலிருந்து வரும் மானியத்தை நம்பும் சபை, புதிதாகக் கிடைத்த நூற்றுக்கணக்கான லயங்களுக்கு எதைக்கொண்டு பாதை போடும்? முத்திரை வரியும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாண சபை ஊடாகவே வரவேண்டும். ஊவா மாகாண சபையின் பதவிக்காலமோ 2019இல் முடிந்தது, அதன்பின் ஆளுநரின் கையில் நிருவாகம். 2022இன் பொருளாதார நெருக்கடி எல்லாவற்றையும் முடக்கியது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபோது, தேர்தல் நடத்தப் பணமில்லை என்றது அரசாங்கம். இரண்டாண்டுகள் வரி மட்டும் அறவிடப்பட்டது. கேள்வி கேட்க உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. 2025 மே 6இல் தேர்தல் நடந்து, புதிய உறுப்பினர்கள் வந்தனர். முதன்முறையாக முழுத் தவணைக்கும் தோட்டத்துக்குச் செலவிடும் அனுமதி சட்டப்புத்தகத்தில் இருக்க, அவர்கள் தமது முதல் வரவுசெலவுத் திட்டத்தைத் தயாரிக்க உட்கார்ந்தனர். வருமானப் பக்கத்தில் அவர்களுக்கு முன்னால் இருந்தது அதே பழைய ஏக்கர் வரி.