காலமறிந்து களம் புகுதல்



குத்துச் சண்டையின் வரலாற்றைப் படிப்போர், யார் யாரை வீழ்த்தினார் என்பதையே பெரும்பாலும் நினைவில் வைப்பர். ஆனால், அச்சண்டைகள் நிகழ்வதற்கு முன்பே பயிற்சியாளரும் மானேஜரும் விடை காண வேண்டிய வினா ஒன்று உண்டு. வளர்ந்து வரும் இளைஞனை அவனினும் வலியவன்முன் எப்போது நிறுத்துவது என்பதே அவ்வினா. ஹெவிவெயிட் என்னும் மிகு எடைப் பிரிவில் இது மேலும் கடுமையானது. அப்பிரிவில் எதிரியின் எடைக்கு மேல்வரம்பு கிடையாது. ஒரே குத்தில் சண்டை முடிந்துவிடலாம். தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி, ஒருவனுடைய பிற்கால வாழ்வையே குலைத்துவிடலாம். ஆகவே, இவ்வினாவுக்கு விடை சொல்வோர் ஓர் இளைஞனின் உடலையும் பிழைப்பையும் தம் கையில் வைத்துக்கொண்டே சொல்கின்றனர்.

முதலில் அவசரத்தின் கதையைப் பார்ப்போம். 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இப்பிரிவின் தங்கப் பதக்கத்தை வென்றவர் அமெரிக்கரான பீட் ராடமாக்கர். தொழில்முறைச் சண்டை ஒன்றுகூடச் செய்திராத அவர், 1957 ஆகஸ்டு 22ஆம் நாள் சியாட்டில் நகரில் உலகச் சாம்பியன் ஃபிளாய்டு பாட்டர்சனையே எதிர்த்து மேடை ஏறினார். இரண்டாம் சுற்றில் பாட்டர்சனைக் கீழே வீழ்த்தியும் விட்டார்! கூட்டம் வியந்தது. ஆனால் சாம்பியன் எழுந்து நின்றார். அதன்பின் விழுந்தவர் ராடமாக்கரே. பலமுறை விழுந்து, ஆறாம் சுற்றில் தோற்றார். அவரிடம் துணிவும் இருந்தது, வலிமையும் இருந்தது. ஒலிம்பிக் சண்டை மூன்று சுற்றுகளில் முடிவது. சாம்பியன் பட்டத்துக்குரிய சண்டையோ அக்காலத்தில் பதினைந்து சுற்றுகள். இடையில் உள்ள படிகளில் அவர் கால் வைத்ததே இல்லை.

அவசரம் தீது என்றால், காத்து வைத்தல் நன்றோ? அதற்கு விடை தருவது ஜெரி கூனியின் வரலாறு. நியூயார்க்கைச் சேர்ந்த இவருடைய இடக்கைக் குத்து பேர் பெற்றது. 1982இல் இவர் கணக்கில் 25 வெற்றிகள் இருந்தன. தோல்வி ஒன்றும் இல்லை. ஆனால் அக்கணக்கைச் சற்றே பிரித்துப் பாருங்கள். 1980 மே மாதத்தில் ஜிம்மி யங்கை நான்கு சுற்றுகளிலும், அக்டோபரில் ரான் லைலை முதற் சுற்றிலேயும் வென்றார். 1981 மே மாதத்தில் கென் நார்ட்டனை 54 விநாடிகளில் வீழ்த்தினார். லைலும் நார்ட்டனும் தம் சிறந்த காலத்தைக் கடந்துவிட்டவர்கள். ஆக, இரண்டு ஆண்டுகளில் கூனி மேடையில் கண்டது ஆறே சுற்றுகள். பிறகு பதின்மூன்று மாத ஓய்வு.

அந்நிலையில், 1982 ஜூன் 11ஆம் நாள் லாஸ் வேகாஸில் சாம்பியன் லாரி ஹோம்ஸை எதிர்த்தார். ஹோம்ஸ் வந்த வழி வேறு. 1973இல் தொழிலில் இறங்கிய அவர், முகமது அலிக்குப் பயிற்சித் துணைவராக நின்று நாள்தோறும் அடி வாங்கிப் பழகியவர். 1978இல் நார்ட்டனோடு பதினைந்து சுற்றுகளும் பொருதே பட்டத்தைப் பெற்றவர். கூனி மனந்தளராது போராடினார். எனினும் பதின்மூன்றாம் சுற்றில் சண்டை நிறுத்தப்பட்டது. எளிய வெற்றிகள் அவருக்குப் புகழைத் தந்தன. நீண்ட சண்டையில் மூச்சை எப்படிப் பங்கிடுவது என்பதை அவை கற்றுத் தரவில்லை.

இவ்விரு பிழைகளுக்கும் இடையே செல்லும் வழி ஒன்று உண்டு. பின்னாளில் முகமது அலி எனப் பெயர் பூண்ட காசியஸ் கிளே 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அவர் உடனே சாம்பியனைத் தேடிச் செல்லவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் அவருடைய முதல் எதிரி டன்னி ஹன்சேக்கர் என்னும் போலீஸ் அதிகாரி. சண்டை ஆறு சுற்றுகள். பின்னர் ஏஞ்சலோ டண்டீ பயிற்சியாளரானார். 1961 ஜூனில் டியூக் சபெடாங்குடன் கிளே பத்துச் சுற்றுகளையும் நின்று முடித்தார். 1962 பிப்ரவரியில் சன்னி பாங்ஸ் அவரை முதற் சுற்றிலேயே கீழே தள்ளினார்; கிளே எழுந்து நான்காம் சுற்றில் வென்றார். அவ்வாண்டு நவம்பரில் நாற்பது வயதைக் கடந்த, தந்திரம் மிக்க ஆர்ச்சி மூரைச் சந்தித்தார். 1963இல் டக் ஜோன்ஸ் அவரைப் பத்துச் சுற்றுகள் வாட்டினார். லண்டனில் ஹென்றி கூப்பரின் இடக்கை அவரைத் தரையில் சாய்த்தது. இரண்டிலும் வென்றவர் கிளேயே. இப்படிப் பத்தொன்பது சண்டைகள் முடிந்த பிறகே, 1964 பிப்ரவரி 25ஆம் நாள் எவரும் அஞ்சிய சன்னி லிஸ்டன்முன் நின்றார். பந்தயம் கட்டியோர் லிஸ்டன் பக்கமே சாய்ந்திருந்தனர். ஏழாம் சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் இருக்கையை விட்டு எழவில்லை.

ஒவ்வோர் எதிரியும் கிளேக்குப் புதியதொரு இடரைக் கொணர்ந்ததை நோக்குக. ஒருவரிடம் நீண்ட நேரம், ஒருவரிடம் எதிர்பாராத வீழ்ச்சி, ஒருவரிடம் சூழ்ச்சி. எல்லா இடர்களும் ஒரே இரவில் வரவில்லை.

இனி ஓர் ஐயம் எழலாம்: இடையில் தோல்வி நேர்ந்தால் அனைத்தும் பாழாகுமோ? ஜோ லூயிஸ் 1934 ஜூலையில் தொழிலில் புகுந்து, மறு ஆண்டே முன்னாள் சாம்பியன்களான கார்னெராவையும் மாக்ஸ் பேரையும் வென்றவர். ஆனால் குத்திய பின் இடக்கையைத் தாழ்த்திவிடும் வழக்கம் அவரிடம் இருந்தது. வெற்றிகளின் ஒளியில் அக்குறை மறைந்து கிடந்தது. ஜெர்மானியரான மாக்ஸ் ஷ்மெலிங் அதைக் கண்டுகொண்டு, 1936 ஜூன் 19ஆம் நாள் பன்னிரண்டாம் சுற்றில் அவரை வீழ்த்தினார். லூயிஸ் இரண்டே மாதத்தில் மீண்டும் மேடை ஏறினார். 1937இல் சாம்பியன் ஆனார். 1938இல் ஷ்மெலிங்கை முதற் சுற்றிலேயே வென்றார். பட்டத்தை 25 முறை காத்தார்.

ஆதலின், வெற்றிகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் ஓர் இளைஞனை அளத்தல் கூடாது. குறித்த சுற்றுகள் அனைத்தையும் அவன் நின்று முடித்திருக்கிறானா? அடிபட்ட பின் நிதானம் இழக்காமல் மீண்டிருக்கிறானா? சென்ற சண்டையிற் கண்ட குறையை இந்தச் சண்டையில் திருத்தியிருக்கிறானா? இம்மூன்றுக்கும் ஆம் என்னும் விடை கிடைத்தால் அடுத்த படிக்கு அவனை அழைக்கலாம். நான்காவது வினா மானேஜர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது: இச்சண்டை இளைஞனின் வளர்ச்சிக்காகவா, வாயிலில் வசூலாகும் பணத்துக்காகவா?

நாற்பதாண்டுக் காலம் வகுப்பறையில் நின்றவனுக்கு இவ்வினாக்கள் புதியன அல்ல. மாணவனுக்குத் தரும் கணக்கு, அவன் அறிந்ததற்குச் சற்றே மேலாக இருக்க வேண்டும். மிகவும் எளிதாயின் அறிவு உறங்கும்; மிகவும் கடிதாயின் ஊக்கம் ஒடியும். உங்களுக்குக் கடினமானதொரு பாடம் வரும்போது, உங்களை வீழ்த்துவதற்காகவே அது வந்ததென எண்ணி அஞ்சாதீர்கள். அதற்கு முந்திய படியில் உங்கள் கால் உறுதியாக ஊன்றியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஊன்றியிருந்தால் தயங்காமல் ஏறுங்கள்.