கருத்தரங்கின் தோற்றமும் சகமாணவர் விமர்சனமும்

ஆய்வு மாணவர் ஒருவர் கட்டுரை வாசிக்க, சகமாணவர் அதனை விமர்சிக்கும் முறை பல்கலைக்கழகத்துடன் கூடவே பிறந்தது என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் நிலவியது வாதப் பயிற்சியே. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில், பேராசிரியர் எழுதிய ஆய்வுரையை மாணவன் சபையில் நின்று காத்து வாதிடுதல் பெருவழக்காயிருந்தது. தலைமை வகித்தவரும் அப்பேராசிரியரே. அதாவது, மாணவன் காத்தது பிறர் உடைமையை.

இந்நிலை ஜேர்மனியில் மாறத் தொடங்கிற்று. கோட்டிங்கனில் கெஸ்னர் 1730களின் இறுதியில் தொடக்கிய பண்டை மொழிநூற் கருத்தரங்கும், ஹாலேயில் வொல்ப் 1787இல் நிறுவியதும் பாடசாலைகளுக்குக் கிரேக்க, இலத்தீன் ஆசிரியரை உருவாக்க அரசாதரவுடன் எழுந்தவை. சமயகுருத்துவத்தை எதிர்நோக்கியிருந்தோரின் இடைக்காலப் பிழைப்பாயிருந்த ஆசிரியத்தை வொல்ப் தனித் தொழிலாக்க விரும்பினார். எனவே இம்முறையைப் பேரறிஞர் சிலரின் கண்டுபிடிப்பு என்பதிலும் சமூகத் தேவையொன்றின் விளைவு என்பதே பொருந்தும். ஆயினும் உள்ளே நிகழ்ந்தது அத்தேவையிலும் பெரிது. மாணவன் தானே எழுதினான். சகமாணவன் அதனை இலத்தீனில் எதிர்த்து வாதிட்டான்.

ராங்கே பேர்லினில் இப்பயிற்சியைத் தம் இல்லத்திலேயே நடத்தினார். அரசியலில் அவர் பழமைவாதி. பிரஷ்ய அரசின் சார்பில் சஞ்சிகை நடத்தியவர். ஆனால், மூலச் சான்றை ஐயுற்று நோக்கும் பழக்கத்தை அவ்வறையிலே பயின்றவர்களின் கூட்டுழைப்பு, 1837 முதல் மத்தியகால ஜேர்மன் அரசின் ஆண்டு வரலாறுகளாக வெளிவந்தது. முதல் நூலை எழுதிய வைற்ஸ் அவரது மாணவரே. பிற்போக்காளர் கையிலும் முறையியல் முன்னேறக்கூடும் என்பதை நம்மவர் சிலர் ஏற்கத் தயங்குவர்.

அக்கருத்தரங்குகளின் எல்லையையும் மறத்தலாகாது. பிரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களை முழு உரிமையுள்ள மாணவராக ஏற்றது 1908இலேயே. 1836 முதல் 1841 வரை பேர்லினில் பயின்ற மார்க்ஸ், தம் சிந்தனையைக் கூர்மைப்படுத்திக் கொண்டதும் வகுப்பறையைவிடத் தம்மிலும் மூத்த புரூனோ பவர் முதலியோர் கூடிய 'கலாநிதிகள் கழக'த்திலேதான். கலாநிதிப் பட்டத்தை அவருக்கு வழங்கியது, அவர் நேரிற் செல்லாத யேனாப் பல்கலைக்கழகம்.

நமது முதுமாணி வகுப்புகளில் கட்டுரை வாசிக்கப்பட்டதும் மாணவர் அனைவரும் ஆசிரியரின் முகத்தையே நோக்குகின்றனர். பேராசிரியரின் ஆய்வுரையைக் காத்துநின்ற அம்மாணவனை அப்போது நினையாதிருக்க முடிவதில்லை. கட்டுரையை ஒரு வாரம் முன்னரே வழங்கி, எதிர்வாதிடுபவரையும் நியமித்துப் பார்த்தோம். அவர் முதலிற் கட்டுரையாளரின் கருத்தை அவரே ஏற்கும்படி எடுத்துரைக்க வேண்டும், பின்னரே மறுக்கலாம். ஆசிரியர் பேசுவது இறுதியில். முதலிரு அமர்வுகளிலும் பாராட்டுரையே கிடைத்தது. மூன்றாவதிலேதான் ஒரு மாணவி, இச்சான்று எப்பதிப்பிலிருந்து பெறப்பட்டது என வினவினார்.