கைநாட்டிலிருந்து கைப்பேசி வரை

அரசாங்கம் குடிமகனைத் தேடி வருவது வேறு. குடிமகன் அரசாங்கத்தை நாடிச் செல்வது வேறு. கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் வரலாற்றில் இவ்விரண்டுக்கும் சாட்சியாக விளங்குவது அடையாளக் கார்டேயாகும்.

1948ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மலாயாவில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. 12 வயது நிரம்பியோர் யாவரும் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டுமென அவ்வாண்டே விதி பிறந்தது. காட்டிலிருந்து போரிட்டோரையும் பொதுமக்களையும் பிரித்தறிவதே அதன் நோக்கம். தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர் கைகளுக்கும் பெருவிரல் ரேகை பதித்த காகித அட்டை வந்து சேர்ந்தது. கல்லாதவரின் அடையாளமென எள்ளப்பட்ட கைநாட்டு, அன்று கற்றவர்க்கும் பொதுவாயிற்று. எனினும், அது கண்காணிப்பின் கருவியாக இருந்ததேயன்றிச் சேவையின் கருவியாக இருக்கவில்லை.

விடுதலைக்குப் பின்னர் நிலைமை மாறியது. குடிமக்களுக்கு நீலம், நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு என அட்டையின் நிறமே உரிமையின் அளவாயிற்று. 2001ஆம் ஆண்டு செப்டம்பரில் மைகார்ட் அறிமுகமானது. கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களே அதனை முதலிற் பெற்றனர். பழைய கைநாட்டு இப்போது மின்னணுச் சில்லுக்குள் குடியேறியது. 2020இல் கொள்ளைநோய் பரவியபோது மைசெஜாத்ரா செயலி தோன்றியது. மறு ஆண்டு தடுப்பூசிக்குப் பலர் அதன்வழியே பதிந்தனர். 2023 முதல் வாகன உரிமத்தையும் கைப்பேசியிலேயே காட்ட முடிகிறது. ஒருநாட் கூலியை இழந்து இலாகா வாசலில் வரிசை பிடித்த தலைமுறைக்கு இது கனவிலும் எட்டாத வசதி.

ஆயினும், இவ்வசதிக்கெல்லாம் திறவுகோல் அடையாளக் கார்டின் எண்ணே. அதனைப் பெறாதவரும் நம்மிடையே உளர். தோட்டத்தில் பிறந்து பிறப்புப் பதிவின்றி வளர்ந்தோர் சிலர். கோயிலில் தாலி கட்டியும் திருமணத்தைப் பதியாத பெற்றோரின் பிள்ளைகள் வேறு சிலர். 1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்த திருமணச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது. பதியாத மணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயின் நிலையைப் பொறுத்ததாயிற்று. தந்தை குடிமகனாயிருந்தும், தாய் குடியுரிமை அற்றவளாயின் பிள்ளையும் அற்றவனானான்.

அலுவலகத்தில் பாரம் நிரப்பிய காலத்தில், அத்தகையோர் எழுத்தரிடம் தம் குறையை எடுத்துரைக்கவேனும் இயன்றது. செயலியோ எண்ணைக் கேட்கும்; கதையைக் கேளாது. ஆகவே, பிறப்பையும் மணத்தையும் உரிய காலத்தில் பதியுமாறு பெற்றோருக்கு உணர்த்துவது தமிழாசிரியரின் கடமைகளுள் ஒன்றாகும். பெயர் ஏட்டில் ஏறாத பிள்ளைக்குக் கைப்பேசி எவ்வாயிலையும் திறந்துவிடாது.