கண்ணுக்குத் தெரியாத டீசல் புகை

டீசல் வாகனம் ஒன்று கரும்புகை கக்கினால் வீதியில் நிற்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். புகை தெரியாவிட்டால் அந்த வாகனம் சுத்தமானது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணம் ஏன் தவறானது என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

டீசல் முழுமையாக எரியாதபோது இயந்திரத்துக்குள்ளேயே கரித்துணிக்கைகள் உண்டாகின்றன. நாம் காணும் கரும்புகை அதுதான். அதனுடன் நைதரசன் ஒட்சைட்டுகள், கந்தகச் சேர்வைகள், எரியாத எரிபொருளின் ஆவி, எஞ்சின் ஒயிலின் ஆவி என்பனவும் வெளியேறுகின்றன. இவை வாயு நிலையில் இருப்பதால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இந்த வாயுக்கள் புகைக்குழாய்க்கு வெளியே இரண்டு விதமாகத் துணிக்கைகளாகின்றன. முதலாவது, ஓரிரு விநாடிகளில் நடந்து முடிவது. சூடான புகை வெளிக்காற்றுடன் கலந்து குளிரும்போது கந்தக அமில ஆவியும் ஒயில் ஆவியும் ஒடுங்கி நுண்துளிகளாகின்றன. கரித்துணிக்கைகளின் மேலும் படிகின்றன. இரண்டாவது, மணிக்கணக்கில் நடப்பது. நைதரசன் ஈரொட்சைட்டு வளியில் நைத்திரிக் அமிலமாக மாறுகிறது. பசளையிட்ட வயல்களிலிருந்தும் கால்நடைக் கழிவுகளிலிருந்தும் வரும் அமோனியாவுடன் அது சேர்ந்து அமோனியம் நைத்திரேற்று எனும் உப்புத் துணிக்கையாகிறது.

டீசல் கார்கள் நிறைந்த பாரிஸ் நகரை 2014 மார்ச்சில் மாசுப் புகார் மூடியபோது, அதில் இந்த உப்பு பெரும் பங்கு வகித்தது. மார்ச் 17 அன்று இரட்டை இலக்கத் தகடுள்ள கார்களில் பெரும்பாலானவை வீதிக்கு வரத் தடை விதிக்கப்பட்டது.

ஒரு தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோமீற்றர். இத்துணிக்கைகளோ பெரும்பாலும் 1 மைக்ரோமீற்றரிலும் சிறியவை. ஆகவே அவை நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அறிவித்தது.

எமது நாட்டின் வருடாந்தப் புகைப் பரிசோதனையில் டீசல் வாகனங்களுக்கு அளக்கப்படுவது புகையின் அடர்த்தியே. அந்தச் சான்றிதழ் கரியைப் பற்றித்தான் பேசுகிறது. பின்னர் துணிக்கையாகும் வாயுக்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அவற்றையும் அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை நம் கையில் உள்ள ஒன்றைச் செய்யலாம். பாடசாலை வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் வேன்கள், குளிரூட்டிக்காக எஞ்சினை ஓடவிடாமல் நிறுத்தி வைக்கட்டும். அந்தக் காற்றைச் சுவாசிப்பவர்கள் நமது பிள்ளைகளே.